பெட்டி கட்டுமுன் பத்திரத்தைப் பாருங்கள்!

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு வெளிநாட்டுப் பயணம் புதிய விஷயமல்ல. கிண்ணியா, மூதூர், தோப்பூர், புல்மோட்டை என்று எந்த ஊரை எடுத்தாலும் கடல் கடந்து சென்றவர்களைக் காணலாம். சவூதிக்கும் குவைத்துக்கும் கத்தாருக்கும் உழைக்கப் போனவர்கள் ஒரு கடவுச்சீட்டுடன் போனார்கள். அதே கடவுச்சீட்டுடன் திரும்பி வந்தார்கள். அங்கே எத்தனை வருடம் வியர்வை சிந்தினாலும் அந்நாட்டின் பிரஜையாவது என்ற பேச்சுக்குப் பெரும்பாலும் இடமில்லை. ஆகவே, "நீங்கள் எந்த நாட்டவர்?" என்ற கேள்வி அவர்களுக்கு எழவேயில்லை.

பின்னர் காலம் மாறியது. லண்டன், கனடா, அவுஸ்திரேலியா என்று போனவர்கள் அங்கேயே குடியிருந்து அந்நாடுகளின் பிரஜைகளானார்கள். பிள்ளைகளும் அங்கே பிறந்தார்கள். இன்று ஒரே குடும்பத்தில் வாப்பாவிடம் இரண்டு கடவுச்சீட்டு, உம்மாவிடம் ஒன்று, மூத்த பிள்ளையிடம் ஒன்று, கைக்குழந்தையிடம் ஒன்றுமே இல்லை என்ற நிலையைக் காண்கிறோம். நோன்புப் பெருநாளுக்கோ, தங்கையின் நிக்காஹ்வுக்கோ, நோயாளியான உம்மாவைப் பார்க்கவோ அவசரமாக டிக்கட் எடுத்து ஓடிவருகிறார்கள். வரும்போதோ, திரும்பும்போதோ விமான நிலையத்தில் தடுக்கப்பட்டு நிற்கிறார்கள்.

இரண்டு நாட்டுப் பிரஜாவுரிமை இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். முறையாக வைத்திருப்போருக்கு அது பாதுகாப்புத்தான். முறை தெரியாதோருக்கோ அது இரட்டைச் சோதனையாகிவிடுகிறது. இதில் அதிகம் சிரமப்படுவோர் பெண்களும் குழந்தைகளும். ஏன் அப்படி என்பதையும், வீட்டிலிருந்தே அதை எவ்வாறு தவிர்க்கலாம் என்பதையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

மேசையில் கேட்கப்படுவது எது?

மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் 1660ஆம் ஆண்டில் கப்பலில் வந்த றொபட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், கண்டி மன்னரின் ஆட்களால் பிடிக்கப்பட்டு 19 வருடங்கள் ஊர் திரும்ப முடியாமல் இந்நாட்டில் இருந்தார். அன்று பயணியைத் தடுத்து வைத்தது மன்னரின் விருப்பம். இன்று அதே வேலையை ஒரு தாள் செய்துவிடுகிறது.

விமானப் பயணத்தில் நம்மை முதலில் சோதிப்பவர் அரசாங்க அதிகாரி அல்லர். விமான நிறுவனத்தின் மேசையில் இருக்கும் ஊழியரே முதற் சோதனையாளர். நுழையத் தகுந்த பத்திரம் இல்லாத ஒருவரை ஏற்றிச் சென்றால், போய்ச் சேரும் நாட்டு அரசு விமான நிறுவனத்துக்கு அபராதம் விதிக்கும். அவரைத் திருப்பி அழைத்துவரும் செலவும் நிறுவனத்தின் தலையில் விழும். ஆகவே சந்தேகம் வந்தால் ஏற்றாமல் விடுவதே அவருக்கு இலாபம்.

அந்த ஊழியர், "நீங்கள் பிரித்தானியப் பிரஜையா?" என்று ஆராய்வதில்லை. "பிரித்தானியப் பிரஜை என்பதற்கு என்ன பத்திரம்?" என்றுதான் கேட்கிறார். உங்களுக்கு உரிமை இருக்கலாம். இருபது வருடம் அங்கே வரி கட்டியிருக்கலாம். வீடும் வாசலும் அங்கே இருக்கலாம். பத்திரம் கையில் இல்லையென்றால் இவையெல்லாம் அந்த மேசையில் எடுபடுவதில்லை. இந்த ஒரு விஷயத்தை விளங்கிக்கொண்டால் மற்றவை தாமாக விளங்கிவிடும்.

பிரித்தானியா 2026ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் திகதி முதல் இந்தச் சோதனையை இறுக்கியது. இரட்டைப் பிரஜைகள் செல்லுபடியாகும் பிரித்தானியக் கடவுச்சீட்டையோ, அல்லது அங்கே வசிக்கும் உரிமையை உறுதிப்படுத்தும் உரித்துச் சான்றிதழையோ காட்டாவிட்டால் விமானத்தில் ஏற முடியாமற் போகலாம் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. வீசா தேவைப்படாத நாடுகளின் கடவுச்சீட்டில் பல வருடங்களாகப் போய்வந்த பிரித்தானியப் பிரஜைகள் பலர் இதனால் திகைத்துப் போனார்கள். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கோ முன்னரும் வழி இலகுவாக இருக்கவில்லை. இலங்கையருக்குப் பிரித்தானிய வீசா தேவை. பிரித்தானியப் பிரஜையாகிவிட்ட ஒருவருக்கு வீசா கொடுக்கப்படுவதில்லை, ஏனெனில் அவர் சொந்த நாட்டுக்குச் செல்பவர். ஆகவே வீசாவும் கிடையாது, கடவுச்சீட்டும் கையில் இல்லை என்ற நிலையில் அவர் நடுவில் நிற்பார்.

ஏனைய நாடுகளிலும் ஒழுங்கு ஏறக்குறைய இதுதான். அமெரிக்கப் பிரஜை அமெரிக்காவுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் அமெரிக்கக் கடவுச்சீட்டையே பயன்படுத்த வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அவுஸ்திரேலியாவும் தன் பிரஜைகளிடம் அதையே எதிர்பார்க்கிறது. கனடா 2016ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் திகதி முதல், இரட்டைப் பிரஜைகள் விமானமேறக் கனடாக் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும் என்று வலியுறுத்தி வருகிறது.

சத்தியப்பிரமாணம் செய்த அன்று நடப்பது என்ன?

வெளிநாட்டுப் பக்கம் இப்படியென்றால், நமது நாட்டுச் சட்டம் சொல்வதென்ன? இங்கேதான் நம்மவர் பலர் தவறான எண்ணத்தில் இருக்கின்றனர். "நான் கிண்ணியாவில் பிறந்தவன். எனது அடையாள அட்டை இருக்கிறது, பழைய கடவுச்சீட்டும் இருக்கிறது. நான் இலங்கையன் இல்லாமல் வேறு யார்?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமாகத் தோன்றுகிறது. சட்டம் அவ்வாறு பார்ப்பதில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, இலங்கைப் பிரஜை ஒருவர் தாமாக விரும்பி வேறொரு நாட்டின் பிரஜையானால் அவரது இலங்கைப் பிரஜாவுரிமை அத்துடன் இல்லாமற் போகிறது. அதற்கு எந்தக் கடிதமும் வீட்டுக்கு வராது. லண்டனிலோ ரொரன்ரோவிலோ பிரஜாவுரிமைச் சத்தியப்பிரமாணம் செய்து, புதிய ஆடை உடுத்திப் படம் பிடித்துக்கொண்ட அன்றே அது நடந்துவிடுகிறது. கையிலிருக்கும் இலங்கைக் கடவுச்சீட்டில் இன்னும் ஐந்து வருடம் மீதமிருக்கலாம். ஆனால் அதைப் பயன்படுத்தும் உரிமை போய்விட்டது. தெரிந்துகொண்டே பயன்படுத்துவது குற்றமாகும்.

இதற்குப் பரிகாரமாகவே 1987ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, இரட்டைப் பிரஜாவுரிமைக்கு வழி செய்யப்பட்டது. இதில் இரண்டு வாசல்கள் உள்ளன. வேறு நாட்டின் பிரஜையாகப் போகிறவர், அதற்கு முன்னரே விண்ணப்பித்துத் தமது இலங்கைப் பிரஜாவுரிமையைத் தக்கவைத்துக் கொள்ளலாம். ஏற்கனவே இழந்துவிட்டவர், விண்ணப்பித்து அதை மீளப் பெறலாம். இரண்டுக்கும் அமைச்சரின் அனுமதியும், அதற்கான சான்றிதழும் வேண்டும். சான்றிதழ் கிடைத்த பின்னரே ஒருவர் இரட்டைப் பிரஜை. இரண்டு கடவுச்சீட்டு அலுமாரியில் இருப்பதனால் மாத்திரம் யாரும் இரட்டைப் பிரஜையாகிவிடுவதில்லை.

இந்த வழி எப்போதும் திறந்தே இருக்கும் என்று எண்ணிவிடவும் கூடாது. 2011ஆம் ஆண்டில் இரட்டைப் பிரஜாவுரிமை வழங்குவது நிறுத்தப்பட்டது. 2015ஆம் ஆண்டில்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட நான்கு வருடங்களில் பிறநாட்டுப் பிரஜையானவர்கள் காத்திருக்க நேர்ந்தது.

இது ஏழை எளியவருக்கு மட்டும் உள்ள சட்டமுமல்ல. இராஜாங்க அமைச்சராக இருந்த டயனா கமகே, பாராளுமன்ற உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர் என்று 2024ஆம் ஆண்டு மே 8ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் இலங்கைப் பிரஜையா என்ற கேள்வியே அவ்வழக்கின் அடிப்படையாக இருந்தது. அமைச்சுப் பதவியே நிற்கவில்லையென்றால், விடுமுறைக்கு வரும் நமது பிள்ளையின் பழைய கடவுச்சீட்டு எம்மாத்திரம்?

தாய்மார் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இங்கே உண்டு. நமது பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடும் வளவும் எழுதிக்கொடுப்பது வழக்கம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம், வெளிநாட்டவர் பெயருக்குக் காணி உரித்து மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. இரட்டைப் பிரஜைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே மகளின் சான்றிதழ் விமான நிலையத்துக்கு மட்டுமல்லாமல், அவளுக்கென்று கட்டிய வீட்டுக்கும் தேவைப்படலாம். உறுதி எழுதுமுன் சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இடைப்பட்ட நாட்களில் வரும் தொலைபேசி

ஒரு சகோதரி லண்டனில் பிரஜாவுரிமைச் சத்தியப்பிரமாணம் செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பிரித்தானியக் கடவுச்சீட்டுக்கு இப்போதுதான் விண்ணப்பித்திருக்கிறார். மூன்றாம் நாள், உம்மா திருகோணமலை ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டிருப்பதாக ஊரிலிருந்து தொலைபேசி வருகிறது.

அவர் கையிலுள்ளது இலங்கைக் கடவுச்சீட்டு மட்டுமே. அவரோ இலங்கைப் பிரஜையல்ல. அங்கே நிரந்தரமாக வசிக்கக் கொடுக்கப்பட்டிருந்த அனுமதியும் அவர் பிரஜையானதுடன் முடிந்துவிட்டது. மனம் பொறுக்காமல் இருப்பதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டால், திரும்பும் நாளில் கட்டுநாயக்காவில் விமான நிறுவன மேசையில் அவரை நிறுத்திவிடுவார்கள். பிள்ளைகள் அங்கே, தாய் இங்கே. வராமலே இருந்துவிட்டாலோ அந்த வேதனை ஆயுள் முழுவதும் அவரை விடாது. ஜனாஸா யாருக்காகவும் நாட்கணக்கில் காத்திருப்பதில்லை என்பதை நாம் அறிவோம்.

இந்த நெருக்கடியைச் சட்டம் மட்டும் உண்டாக்கவில்லை. திட்டமிடாமையும் சேர்ந்துதான் உண்டாக்கியது. வயதான பெற்றோர் ஊரில் இருப்போர், சத்தியப்பிரமாணத்துக்குத் திகதி வாங்குமுன்னரே இலங்கைப் பிரஜாவுரிமையைத் தக்கவைக்கும் விண்ணப்பத்தைப் போட்டுவிட வேண்டும். முடிந்தால் சத்தியப்பிரமாணத்துக்கு முன்பே ஒருதடவை ஊருக்கு வந்து பெற்றோரைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும். சத்தியப்பிரமாணம் முடிந்த உடனேயே, ஒருநாளும் தாமதியாமல் புதிய கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஊரிலிருக்கும் உம்மாமாரும் இதைப் பிள்ளைகளிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்: "மகள், உங்களுக்கு எந்தக் கடவுச்சீட்டு இருக்கு? நாளைக்கே வரவேண்டி வந்தால் வரலாமா?"

கிண்ணியாவில் பிறந்த குழந்தை எந்த நாட்டவர்?

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவது நமது வழக்கம். உம்மாவின் கைப்பக்குவமும் ஊர்க் காற்றும் பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்லதுதான். ஆனால் வெளிநாட்டுப் பிரஜைகளான தம்பதியினர் இதில் மிகவும் யோசித்து நடக்க வேண்டும்.

கணவனும் மனைவியும் லண்டனில் வசித்துப் பிரித்தானியப் பிரஜாவுரிமை பெற்றவர்கள். இலங்கையின் இரட்டைப் பிரஜாவுரிமையை எடுக்கவில்லை. மனைவி கிண்ணியாவுக்கு வந்து குழந்தை பெறுகிறார். பதிவாளர் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கொடுக்கிறார். குடும்பமே குழந்தையை இலங்கைப் பிள்ளை என்று எண்ணுகிறது. சட்டப்படி அது இலங்கைப் பிரஜையல்ல. இலங்கை மண்ணில் பிறந்ததனால் மட்டும் இந்நாட்டின் பிரஜாவுரிமை கிடைப்பதில்லை. பிறக்கும்போது தாயோ தகப்பனோ இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும். பிறப்புப் பத்திரம் பிறந்ததற்குச் சாட்சி சொல்கிறதே தவிர, பிரஜாவுரிமைக்குச் சாட்சி சொல்வதில்லை.

மறுபுறம், அந்தக் குழந்தை பொதுவாகப் பிறப்பிலேயே பிரித்தானியப் பிரஜை. ஆகவே அதற்குப் பிரித்தானிய வீசா எடுக்க முடியாது. பிரித்தானியக் கடவுச்சீட்டுத்தான் எடுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து எடுக்கும் முதற் கடவுச்சீட்டுக்குப் பெற்றோரின் பத்திரங்கள் எல்லாம் சரிபார்க்கப்படும். வாரங்கள் செல்லும், சிலவேளை மாதங்களும் செல்லும். நாற்பது நாள் கழித்துத் திரும்பலாம் என்று டிக்கட் எடுத்து வைத்தவர்கள் இதனால் கலங்குகிறார்கள். குழந்தை பிறந்த வாரத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும் என்ற அறிவு இருந்தால் பாதிக் கவலை குறையும்.

இனி, இலங்கைப் பிரஜையாக உள்ளவருக்கு வெளிநாட்டில் குழந்தை பிறந்தால் என்ன செய்வது? ஒரு வருடத்துக்குள் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவுசெய்ய வேண்டும். தவறினால் பின்னர் விசேட அனுமதி கேட்டு அலைய நேரும். முன்பு தகப்பன் வழியாகவே இந்தப் பிரஜாவுரிமை சென்றது. இலங்கைப் பெண் ஒருவர் வெளிநாட்டவரை மணந்தால் அவரது பிள்ளைக்கு இவ்வுரிமை இருக்கவில்லை. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர் தாய் வழியாகவும் பிள்ளைக்கு உரிமை செல்கிறது. இருபது வருடங்களுக்கு மேலாகியும் நமது பெண்களில் பலர் இதை அறியவில்லை. "அவர் வெளிநாட்டவர், பிள்ளைக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது" என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

வாப்பாவின் பெயரும் கணவரின் பெயரும்

விமான நிலையத்தில் நமது பெண்கள் தடுக்கப்படுவதற்கு மிகச் சாதாரணமான ஒரு காரணம் பெயர். நம் பெண்கள் திருமணத்துக்குப் பின்னும் வாப்பாவின் பெயரையே தாங்குகிறார்கள். அது மார்க்கத்தோடு ஒட்டிய நல்ல வழக்கம். வெளிநாட்டுக்குப் போனதும், அங்குள்ள படிவங்களில் குடும்பப் பெயர் என்ற கூட்டில் எதை எழுதுவது என்று விளங்காமல் கணவரின் பெயரை எழுதிவிடுகிறார்கள். முடிவில் இலங்கைக் கடவுச்சீட்டில் வாப்பாவின் பெயர், வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் கணவரின் பெயர். மேசையில் இருப்பவருக்கு இவை இரண்டு வெவ்வேறு பெண்களின் கடவுச்சீட்டுகளாகத் தெரிகின்றன.

எழுத்துப் பிரச்சினை இதைவிடப் பெரியது. பிறப்புப் பத்திரத்தில் தமிழில் "பாத்திமா" என்றிருப்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் 'எச்' எழுத்தைச் சேர்க்கிறார், ஒருவர் விடுகிறார். "முகம்மது" என்ற பெயரை எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பார்த்தால் நமக்கே சிரிப்பு வரும். "ஸித்தி", "உம்மு" என்ற முற்பகுதி ஒரு பத்திரத்தில் சேர்ந்தும் மற்றதில் பிரிந்தும் நிற்கும். ஊரில் இதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. கணினிக்கோ ஓர் எழுத்து மாறினாலும் ஆள் மாறியதுதான். பயணிகளின் பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும் விமானம் புறப்படுமுன்னரே போய்ச் சேரும் நாட்டுக்கு அனுப்பப்படுகின்றன. அங்கே பொருந்தவில்லையென்றால் இங்கே மேசையில் தடை விழும்.

வேறு நாட்டுக் கடவுச்சீட்டும் வைத்திருக்கும் ஒருவரின் பெயர் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பிரித்தானியக் கடவுச்சீட்டு அலுவலகம் எதிர்பார்க்கிறது. ஆகவே சகோதரிகளே, வாப்பாவின் பெயரை விட்டுவிட வேண்டியதில்லை. எந்தப் பெயரை வைத்தாலும் எல்லாப் பத்திரத்திலும் அதே பெயர், அதே எழுத்து. அது போதும். முதன்முதலாக வெளிநாட்டுப் படிவம் நிரப்பும் நாளில் இலங்கைக் கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கெழுத்துப் பார்த்து எழுதுங்கள். ஏற்கனவே மாறியிருந்தால், நிக்காஹ் பதிவின் உறுதிப்படுத்திய பிரதியும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் கைப்பையில் இருக்கட்டும்.

தாயின் பெயரும் பிள்ளையின் பெயரும் வேறாயிருப்பதும் நம்மிடையே சாதாரணம். தாய் தனியாகப் பிள்ளையுடன் பயணம் செய்யும்போது, "இது உங்கள் பிள்ளைதானா?" என்று அதிகாரி கேட்கலாம். கோபப்பட வேண்டாம். பிள்ளைகளைக் கடத்திச் செல்வதைத் தடுக்கவே அக்கேள்வி. பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துக் காட்டினால் பேச்சு முடிந்துவிடும். முகத்தை மூடும் சகோதரிகள் பெண் அதிகாரி ஒருவரைத் தயவாகக் கேட்கலாம். ஆள் அடையாளத்துக்காக முகம் காட்டுவது மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்டதே. அதில் தயக்கம் வேண்டாம்.

பத்திரம் தொலைந்த ஊர்கள்

இவையெல்லாவற்றுக்கும் அடிப்படை பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். இரட்டைப் பிரஜாவுரிமைக்கும் அதுவே முதற் பத்திரம். நமது மாவட்டத்துக்கு இதில் தனியான துயரம் உண்டு. 1990ஆம் ஆண்டின் வன்செயல்களில் இடம்பெயர்ந்தவர்கள், 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியபோது உடுத்த துணியுடன் ஓடியவர்கள், 2006 ஓகஸ்டில் மூதூரை விட்டு நடந்தே கந்தளாய்ப் பக்கம் போனவர்கள் என்று எத்தனையோ பேர். உயிர் தப்பினால் போதும் என்று ஓடும்போது அலுமாரியைத் திறந்து பத்திரம் எடுக்க யாருக்கு நேரம்? அன்று தொலைந்த பத்திரங்கள் பல வருடங்களுக்குப் பின் ஒரு விமான நிலையத்தில் தேடப்படுகின்றன.

தொலைந்தது நமது பிரதி மட்டுமே. பதிவு அலுவலகத்தில் இருக்கக்கூடும். பிறப்பு நிகழ்ந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தின் பதிவுப் பிரிவில் பெயர், திகதி, பெற்றோர் விபரம் கொடுத்து உறுதிப்படுத்திய பிரதி கேட்கலாம். பதிவே செய்யப்படாத பிறப்பென்றால், காலங்கடந்த பிறப்பாகப் பதிவதற்கும் முறை இருக்கிறது. இந்த வேலையை லண்டனிலிருக்கும் மகள் தொலைபேசியில் செய்ய முடியாது. ஊரிலிருக்கும் உம்மாவோ, ராத்தாவோ, தம்பியோதான் செய்ய வேண்டும். அவசரம் வந்தபின் ஓடாமல், அமைதியான காலத்தில் செய்து வைக்க வேண்டும். கிடைத்த பிரதியில் பெயரின் எழுத்துகளையும் வாப்பாவின் பெயரையும் அங்கேயே நின்று சரிபாருங்கள். வீட்டுக்கு வந்தபின் பிழை கண்டால் மீண்டும் ஒரு நாள் கூலி போய்விடும்.

எந்த மேசையில் எதைக் காட்டுவது?

முறையாக இரட்டைப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் பெற்று, இலங்கைக் கடவுச்சீட்டும் பிரித்தானியக் கடவுச்சீட்டும் வைத்திருக்கும் ஒருவரின் பயணத்தை எடுத்துக்கொள்வோம்.

1. லண்டனில் விமான நிறுவன மேசையில், இலங்கைக்குள் நுழைய என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். இலங்கைக் கடவுச்சீட்டைக் காட்டினால் வீசாக் கேள்வி எழாது.

2. கட்டுநாயக்காவில் இறங்கியதும் குடிவரவு மேசையில் இலங்கைக் கடவுச்சீட்டு. அதில் வருகை முத்திரை விழும்.

3. திரும்பும்போது கட்டுநாயக்காவில் விமான நிறுவன மேசையில் பிரித்தானியக் கடவுச்சீட்டு. போகும் நாட்டுக்கான அத்தாட்சி அதுதான்.

4. அடுத்து குடியகல்வு மேசையில் இலங்கைக் கடவுச்சீட்டு. எந்தக் கடவுச்சீட்டில் உள்ளே வந்தோமோ அதிலேயே வெளியேற வேண்டும். "போகும் நாட்டுக்கு வீசா எங்கே?" என்று கேட்டால் பிரித்தானியக் கடவுச்சீட்டைக் காட்டுங்கள். மறைக்க வேண்டியது எதுவுமில்லை.

5. லண்டனில் இறங்கியதும் பிரித்தானியக் கடவுச்சீட்டு.

டோஹாவிலோ துபாயிலோ விமானம் மாறுவோர் இரண்டையும் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடக் கூடாது. உம்றாவுக்குப் போவோர், வீசா எந்தக் கடவுச்சீட்டின் இலக்கத்துக்குக் கிடைத்ததோ அதையே எடுத்துச் செல்ல வேண்டும்.

இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்காதவர் வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் முறையாக வீசா எடுத்து வரவேண்டும். அதிலேயே திரும்ப வேண்டும். பழைய இலங்கைக் கடவுச்சீட்டை வெளியே எடுக்கவே கூடாது. சிலர் வீசாப் பணத்தை மிச்சம் பிடிக்க அதைக் காட்டுகிறார்கள். படிவத்தில் பொய் எழுதுவது சட்டத்திலும் குற்றம், மார்க்கத்திலும் குற்றம். சில ஆயிரம் ரூபாய்க்காக நம்பிக்கையை விற்கக் கூடாது.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு தொலைந்தாலோ காலாவதியானாலோ, அந்நாட்டின் கொழும்புத் தூதரகத்தில் அவசரப் பயணப் பத்திரம் கேட்கலாம். விமான நிலையத்துக்குப் போய் வாதாடுவதால் பயனில்லை. அங்கே இருப்பவருக்கு அந்த அதிகாரம் கிடையாது.

அரசாங்கங்களுக்கும் ஒரு சொல்

பயணியின் மேல் மட்டும் பாரத்தைச் சுமத்துவது நியாயமாகுமா? ஒருவரைத் தன் பிரஜையாக்கிய அரசாங்கத்திடம் அதற்கான பதிவு இருக்கிறது. அப்படியிருந்தும் அவர் யார் என்று தீர்மானிக்கும் வேலையை விமான நிறுவன ஊழியரிடம் ஒப்படைத்துவிடுகிறது. பிரித்தானிய உரித்துச் சான்றிதழுக்கு 2026ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 589 பவுண் கட்டணம். கடவுச்சீட்டோ நூறு பவுணளவில் முடிந்துவிடும். மொழி தெரியாத முதியவர்களும், தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மாரும் இந்தக் கணக்குகளை எங்கே போய்க் கேட்டறிவார்கள்?

நமது நாடும் யோசிக்க வேண்டும். இரட்டைப் பிரஜாவுரிமைக் கட்டணம் சாதாரணக் குடும்பத்துக்கு இலேசானதல்ல. கணவன், மனைவி, பிள்ளைகள் என்று தனித்தனியே கட்ட வேண்டியிருக்கிறது. போரிலும் கடலிலும் பத்திரம் இழந்த மாவட்ட மக்களுக்கு விசேட ஏற்பாடு செய்வது சலுகையாகாது, கடமையே. ஊர்மட்டத்தில் பள்ளிவாசல் நிர்வாகங்களும் நலன்புரிச் சங்கங்களும் வருடத்தில் ஒருநாள் பதிவாளரையும் சட்டத்தரணியையும் அழைத்து "பத்திர நாள்" ஒன்று நடத்தலாம். பெண்கள் கூச்சமின்றி வந்து கேட்க வசதியாக அது இருக்க வேண்டும்.

அதுவரை நமது கையில் இருப்பதை நாம் செய்வோம். எந்த வீட்டிலும் பத்திரங்களைப் பேணி வைப்பவர் உம்மாதான். இன்று அஸருக்குப் பின் அலுமாரியைத் திறந்து, வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பிறப்புப் பத்திரம், நிக்காஹ் பதிவு, அடையாள அட்டை, கடவுச்சீட்டு ஆகியவற்றை ஓர் உறையில் போடுங்கள். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் கடவுச்சீட்டு முடியும் திகதிகளைக் கேட்டு உறையின் மேலே எழுதுங்கள். பெயர் எங்கே மாறியிருக்கிறது என்று பேரப்பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். குறை கண்டால் அடுத்த வாரமே பிரதேச செயலகத்துக்கு ஆளனுப்புங்கள்.

பிரிந்திருக்கும் குடும்பங்களைப் பாதுகாப்பாகவும் கண்ணியமாகவும் அல்லாஹ் ஒன்று சேர்ப்பானாக. ஆமீன்.